கப்டன் ருஜேரோவின் கதவு

அன்று ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பல்லரோச் சந்தையில் வாங்கிய கணவாய் மீனைக் கஜானன் கழுவிக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் வெட்டினேன். வழக்கம்போலக் கப்டனின் கதை நடந்துகொண்டிருந்தது.

கண் தெரியாத ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்வதுதான் என் கணவர் கஜானனுக்கு வேலை. ஐயா என்பதுபோல அவரைச் சிஞ்ஞோர் என்போம்; முன்பு சரித்திர ஆசிரியர். பின்னேரங்களில் அவருக்கு ஒரு தடித்த புத்தகத்தை வாசித்துக் காட்டவேண்டும். அறுநூறு வருடங்களுக்கு முன் வடக்கே வாழ்ந்த ருஜேரோ என்ற கூலிப்படைக் கப்டனின் வாழ்க்கை அது. மா அரைக்கிறவனின் மகன். யார் அழைத்தாலும் இருநூறு குதிரைகளோடு போய்ச் சண்டை பிடித்தவன். கடைசியில், காவலுக்கு அழைத்த நகரத்தையே பிடித்து அதை ஆண்டான். வாசித்ததைக் கஜானன் வீட்டுக்கு வந்து எனக்குத் தமிழில் சொல்லுவார். 1994 முழுக்க எங்கள் வீட்டில் அதுதான் வானொலி.

"நகரத்தைப் பிடிச்ச அண்டைக்கு என்ன நடந்தது தெரியுமோ?" என்றார். "அவன்ரை சிநேகிதன் ஒருத்தன், நீனோ எண்டு. பின்னாலை வந்த ஆக்களை மறிச்சுக்கொண்டு வாசலுக்கு வெளியிலை நிண்டவன். கப்டன் உள்ளை போனதும் கதவைச் சாத்தச் சொல்லிப்போட்டான். நீனோ தட்டினான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். திறக்கேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன, ராசாதானே. ஆனா ஒவ்வொரு நாளும் சாப்பிட முதல் நீனோவுக்கெண்டு ஒரு பிடி எடுத்துக் காகத்துக்கு வைப்பான். காகம் வராட்டில் அண்டைக்குச் சாப்பாடில்லை."

"உங்கடை கப்டன் சைவக்காரனோ?"

இருவரும் சிரித்தோம். பிறகு நான் சொன்னேன்: "தட்டத் தட்டத் திறக்காதவன் ஒரு மனிசனே? காகத்துக்கு வைச்சாச் சரியாப் போமோ?"

"ஓம். சரியாகாதுதான்," என்றார். கழுவி முடித்த கணவாயைத் திரும்பவும் கழுவினார்.

மறுநாள் கஜானன் சிஞ்ஞோர் வீட்டு மாடிப்படியில் விழுந்தார். இருதயம் என்றார்கள். முப்பத்தெட்டு வயது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் அந்த வேலைக்கு நான் போனேன். கப்டனுக்கு நான் சொன்ன சொல்லுக்கு இவர் முகம் ஏன் வாடியது? மீதிக் கதை புத்தகத்தில் இருக்கும், அதில் கப்டனுக்கு ஒரு மன்னிப்பும் இருக்கும் என்று நம்பினேன். என்னுடையது சந்தை இத்தாலியன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். நகரத்தின் வாசலுக்கு வந்து சேர இரண்டு மாதம் பிடித்தது. அங்கே நீனோ இல்லை. முன்னும் பின்னும் தாள்களைப் புரட்டினேன்.

"சிஞ்ஞோர், நீனோ எங்கே?"

"எந்த நீனோ?"

"கதவுக்கு வெளியே நின்ற சிநேகிதன்."

"இவனுக்குச் சிநேகிதரே கிடையாது, சிஞ்ஞோரா. இந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடம்."

"காகம்?"

கிழவர் சிரித்தார். "அவன் வளர்த்தது வேட்டைப் பருந்து."

இத்தாலியில் எந்த ராசா முதல் பிடியைக் காகத்துக்கு வைப்பான்? அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். இவர் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது கூட வந்த ஒருவனைப் பற்றி இவரிடம் ஒருமுறை கேட்டேன். "அவன் அங்கை நிண்டிட்டான்" என்றார். பெயர் சொல்லவில்லை. நான் தீர்ப்புச் சொன்னது கப்டனுக்கு அல்ல.

அதன்பின் யார் கதவைத் தட்டினாலும் ஓடிப்போய்த் திறந்தேன். தட்டாதபோதும் திறந்து பார்த்தேன். படிக்கட்டு வெறுமையாக இருக்கும்.

"கதவுக்குப் பின்னாலையே குடியிருக்கிறீரோ?" என்றாள் கீழ்வீட்டு அகஸ்ரீனா. "நான் இன்னும் தட்டவே இல்லையப்பா!"

புத்தகம் முடிந்ததும் சிஞ்ஞோர் முதலிலிருந்து கேட்டார். இந்த முறை வாசல் வந்தபோது நான் தாளிலிருந்து கண்ணை எடுத்தேன். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் மெதுவாகச் சொன்னேன்: "வெளியே ஒருவன் தட்டினான். கப்டன் இறங்கி வந்து, தானே கதவைத் திறந்தான்."

கிழவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கஜானனும் இந்த இடத்தில் நிறுத்துவான்," என்றார். "எழுதியிருப்பதை வாசியுங்கள், சிஞ்ஞோரா."

வாசித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கப்டன் நகரத்துக்குள் நுழைகிறான். அவனுக்குப் பின்னால் கதவு சாத்தப்படுகிறது.