கல்லுக்குட்டைச் சாலையை வெட்டிய நாள்

தீர்த்தம்மாள் சின்னமாரனூர் ஊராட்சித் தலைவராகி ஐந்து வருடம் முடிய ஒரு மாதம்தான் பாக்கி. அந்தக் கார்த்திகையில் புயல் மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. ஏரியூர்ப் பக்கத்தில் அப்படியொரு மழையை அவள் பார்த்ததே இல்லை. பதினெட்டு வருடமாக நிரம்பாத ஏரி தளும்பி நின்றது. ஊரே போய்ப் பூப்போட்டுக் கும்பிட்டது.

மூன்றாம் நாள் காலையும் மழை தூறிக்கொண்டிருக்க, கரையின் நடுவில் சேற்றுத் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. கரைக்குக் கீழே எண்பது வீடுகள். மிஞ்சிய தண்ணீர் ஏரிக்கோடியின் வடிகால் வழியாக ஓடையில் இறங்க வேண்டும், இறங்கவில்லை. ஓடையின் குறுக்கே போன பக்கத்து ஊராட்சிச் சாலையின் குழாய்களில் மரமும் மண்ணும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் ஏரிக்கே எதிர்த்து வந்தது.

அது கல்லுக்குட்டைக்காரர்களின் சாலை. பதினொரு வருடம் மனுக்கொடுத்து வாங்கியது. தார் போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த ஊருக்கு வேறு வழி கிடையாது.

தீர்த்தம்மாள் அந்த ஊர்த் தலைவர் மாதையனுக்குப் போன் போட்டாள்.

"மாதையண்ணா, ஏரிக்கரை கசியுதுங்க."

"எவ்ளோ வருதுங்கம்மா?"

"தொடை மொத்தத்துக்கு வருதுங்கண்ணா. வூடுங்கள காலி பண்ணிட்டிருக்கோம். நீங்க..." என்று இழுத்தாள்.

"ரோட்டை வெட்டணும், அதானுங்களே?" என்றார் மாதையன். "ஊர்ல கேட்டுட்டு வரேன்."

கேட்டால் யார் ஒத்துக்கொள்வார்கள்? போன கோடைக்கு முந்தின கோடையில் அவர்கள் மோட்டார் புகைந்துபோய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது, எங்களுக்கே பற்றவில்லை என்று கைவிரித்தவள் இவள்தான்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மழைக்குள்ளிருந்து முதலில் ஒரு ஜேசிபி வந்தது. பின்னால் ஆறு டிராக்டர்கள், டிரெய்லர் நிறைய ஆட்கள், அவர்களோடு மாதையன், மண் நிரப்பிய உர மூட்டைகள். தீர்த்தம்மாள் ஆட்களை எண்ணப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டாள். ஆட்கள் இறங்கி, அவள் ஊர்க்காரர்களோடு வரிசையாக நின்று, மூட்டைகளைக் கைமாற்றிக் கசிவின் மேல் அடுக்கினார்கள். யார் எந்த ஊர் என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

ஜேசிபி சாலைமேல் ஏறி நின்றது. ஓட்டுநர் பூவரசன் கல்லுக்குட்டைக்காரன்தான். கை ஓடாமல் மாதையனைப் பார்த்துத் தலையை வெளியே நீட்டினான். "தலைவரே, நெசமாவே வெட்டட்டுங்களா?"

மாதையன் பதில் சொல்வதற்குள் மூட்டை வரிசையிலிருந்து கல்லுக்குட்டைக் காவேரி முன்னால் வந்தாள். சாலை வருவதற்கு முந்தின வருடம், பாம்பு கடித்த புருஷனைத் தூளி கட்டித் தூக்கிப்போய்ப் பாதி வழியிலேயே பறிகொடுத்தவள்.

"வெட்டுப்பா," என்றாள். "அந்தப் பக்கம் புள்ளைங்க இருக்குதுங்க."

இரும்புக்கை தாரைக் கிழித்தது. நாலைந்து வாரலில் வாய் திறந்ததும், மீதிச் சாலையைத் தண்ணீரே பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. காலடி நிலம் அதிர்ந்தது. கல்லுக்குட்டைக்காரர்கள் தங்கள் சாலை போவதைப் பார்த்தபடி நின்றார்கள். தீர்த்தம்மாள் தன்னையறியாமல் கைகூப்பினாள். ஏரியைப் பார்த்தா, அந்த மனிதர்களைப் பார்த்தா என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

மத்தியானத்துக்குள் ஏரி ஒரு முழம் இறங்கியது. கசிவு நின்றது.

அப்புறம்தான் வந்தவர்களுக்கே உறைத்தது, வீடு திரும்ப வழியில்லை என்று. சாயங்காலம் அவர்களுக்காக அந்த எண்பது வீட்டிலும் அடுப்பு எரிந்தது. தன் வீட்டில் காவேரிக்குக் களி போட்டுக் குழம்பு ஊற்றிய தீர்த்தம்மாள், ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

காவேரி நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்கக்கா. நல்லா இருக்குது."

தண்ணீர் வடிந்ததும் இரண்டு ஊரும் சேர்ந்து கல்லும் மண்ணும் கொட்டிப் பாதை போட்டன. பதவி முடிவதற்கு முந்தின வாரம், அந்த ஓடைக்குப் பாலம் கேட்டு இரண்டு ஊராட்சியும் ஒரே தீர்மானம் நிறைவேற்றின. கையெழுத்துப் போடும்போது மாதையன் பேனாவை முதலில் அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்க போடுங்கண்ணா," என்றாள்.