ராஜாத்தி எழுதிய கார்டுகள்

ஊரார் கார்டுகளை நான் படிப்பேன். இதை இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது? பாகலூரில் பதினேழு வருஷம் தபால்காரனாக இருந்தவன் நான். கவரைப் பிரித்தால் குற்றம். கார்டு அப்படியில்லை, கதவைத் திறந்து போட்ட வீடு. தமிழோ தெலுங்கோ கன்னடமோ, என் கண் அதற்குள் ஒரு நடை போய்விட்டுத்தான் வரும். ஆனால் படித்ததை யாரிடமும் சொன்னதில்லை. யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், பட்டாளத்திலிருந்து எந்த மகன் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறான், எல்லாம் என் வயிற்றோடு சரி. 'கோவிந்தப்பன் வாய் பூட்டுப் போட்ட வாய்' என்பார்கள். அதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை. அந்தப் பெருமையால்தான் அறுபத்தெட்டாம் வருஷம் ஒருத்தியைச் சாகக்கொடுக்கப் பார்த்தேன்.

அவள் பெயர் வெள்ளையம்மா. புருஷன் இல்லாதவள். சாந்த் பாஷாவின் புளி மண்டியில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை. ஒருநாள் மண்டியிலேயே இருமி ரத்தம் கக்கினாள். பாஷாவே பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், பெங்களூர்ப் பக்கம் ஒரு டி.பி. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தார். அவளுடைய ஒரே மகள் ராஜாத்திக்கு ஒன்பது வயது. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று சொந்தக்காரர்கள் அவளை வாசற்படி மிதிக்க விடவில்லை. பாஷாவின் மனைவி ஹமீதுன்னிசா, "எங்க வூட்ல இருக்கட்டும்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ராஜாத்தி அவளைப் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

'பாய் வீட்டில் இந்துப் பிள்ளையா' என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவரும் பிள்ளையை வாங்கிக்கொள்ள முன்வரவில்லை. ஹமீதுன்னிசா சந்தையில் சாந்து வாங்கிவந்து, தினம் காலையில் தன் கையாலேயே ராஜாத்திக்குப் பொட்டு வைத்தாள். பழக்கமில்லாத கை, பொட்டு எப்போதும் கொஞ்சம் கோணலாக இருக்கும்.

"அம்மாவப் பாக்கணும்" என்று ராஜாத்தி முதல் மாதம் கேட்டாள். பிள்ளைகளை அழைத்து வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹமீதுன்னிசாவுக்கு டாக்டர் வாக்கு வேதவாக்கு. முடியாது என்றுவிட்டாள். அதற்குப் பதிலாக வாரம் ஒரு கார்டு. அவளுக்கு உருது படிக்க வரும், தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆகவே அவள் சொல்ல, ராஜாத்தி எழுதுவாள். "அம்மா, நான் நல்லா இருக்கேன். நல்லா சாப்பிடறேன். நீ கவலப்படாம ஒடம்பப் பாத்துக்கோ." வாராவாரம் இதேதான். நான் போனால் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, கையில் கார்டையும் கொடுப்பாள்.

ஆறு மாதம் இப்படி ஓடியது. ஒரு வாரம், வழியில் கார்டைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். 'பெரியம்மா எனக்குச் சோறு போடுவதில்லை. அடிக்கிறார்கள். சீக்கிரம் வா அம்மா.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜாத்தியோ ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பாள். அப்படியானால் பொட்டும் மோரும் ஊருக்காகப் போட்ட வேஷமா? திரும்பிப் போய் நாலு கேள்வி கேட்கத்தான் கால் எழுந்தது. ஆனால் பூட்டுப் போட்ட வாயாயிற்றே! முத்திரை குத்திப் பையில் போட்டுவிட்டேன். கேட்காததற்குப் பரிகாரமாக, மறுநாள் முதல் டீக்கடையில் ஒரு பன் வாங்கிப் பள்ளிக்கூடத்து வாசலில் ராஜாத்தியிடம் கொடுத்தேன். துளி மிச்சமில்லாமல் தின்றாள். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அடுத்தடுத்து இன்னும் மூன்று கார்டு அதே மாதிரி போயிற்று. அந்த வீட்டு மோரை நான் தொடுவதில்லை.

"இன்னாண்ணா, மோரு புளிச்சிப் போச்சா?" என்றாள் ஹமீதுன்னிசா.

"வயிறு சரியில்லம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஐந்தாவது கார்டு எழுதுவதற்குள் வெள்ளையம்மாவே வந்து இறங்கிவிட்டாள். ஓசூரிலிருந்து வரும் பகல் பஸ்ஸில் தபால் பையை வாங்கப் போனவன், அவளைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பாதி உடம்புதான் இருந்தது.

"டாக்டரு வுட்டுட்டாராம்மா?"

"இன்னும் மூணு மாசம் ஊசி இருக்குதுண்ணா. சொல்லாம கொள்ளாம வந்துட்டேன். பாதியில நிறுத்தினா பொழைக்க மாட்டேன்னுதான் சொன்னாங்க. என் உசுரு போனாப் போவுது, புள்ள பட்டினி கெடக்குதே."

அவள் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஹமீதுன்னிசா தலைகுனிந்து நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. எப்பேர்ப்பட்ட மனுஷன் பாருங்கள்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. வீட்டு முற்றத்தில் ஹமீதுன்னிசா ராஜாத்தியை முழங்காலுக்கிடையில் உட்காரவைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சோற்றுத் தட்டு. "ஆட்டாதடி தலைய. மொதல்ல அந்த முட்டையத் தின்னு. தெனம் ஒன்னோட இதே ரோதனையாப் போச்சு."

"அம்மா!" என்று பாய்ந்து எழுந்தாள் ராஜாத்தி. வெள்ளையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கையை நீட்டித் தடுத்தாள். "வராத கண்ணு, அங்கயே நில்லு." பத்தடி தூரத்தில் தாயும் மகளும் நின்றார்கள்.

வெள்ளையம்மா மடியிலிருந்து நாலு கார்டையும் எடுத்தாள். "பாயம்மா, இதுக்கு மட்டும் பதிலு சொல்லுங்க. அண்ணா, நீங்களே படிங்க."

முதல் கார்டை ஓங்கிய குரலில்தான் படித்தேன். மூன்றாவதற்கு வரும்போது என் குரல் இறங்கிவிட்டது. எதிரே இருந்தது குற்றம் செய்தவள் முகம் இல்லை, அடிபட்டவள் முகம்.

"நீ எழுதினதா ராஜாத்தி?" என்று கேட்டாள் ஹமீதுன்னிசா.

"ஆமாம்."

"நான் ஒன்ன அடிச்சனாடி?"

"இல்ல பெரிம்மா."

"பின்ன ஏன்டி?"

ராஜாத்தி தேம்பினாள். "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு நீங்க சொன்னதத்தான் ஆறு மாசமா எழுதினேன். அம்மா வரவே இல்ல. நல்லா இல்லன்னு எழுதினேன். வந்துட்டாங்க."

ஹமீதுன்னிசா கார்டுகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். "அடிக்கிறாங்கன்னு எந்த எடத்துலண்ணா எழுதியிருக்குது?" என்று கேட்டாள். நேராகத் திருப்பிக் கொடுத்து, தொட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "போடறப்பவே நீங்க படிச்சிருப்பீங்களே?"

"படிச்சேம்மா."

"தெனம் இந்த வாசலுக்கு வர்றீங்க. ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேக்கல. புள்ளைக்கு மத்தியானத்துல ஒரு பன்னு வாங்கிக் குடுத்தேன்."

"அடப்பாவி மனுஷா! அதான் ஒரு மாசமா இவளுக்குச் சோறு எறங்க மாட்டேங்குதா!"

அழுதுகொண்டிருந்த வெள்ளையம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. கடைசியில் முந்தானையைப் பார்த்துவிட்டு அவசரமாக மடித்து மறைத்தாள். நாங்கள் எல்லாரும் பார்த்துவிட்டோம்.

ஹமீதுன்னிசா எழுந்தாள். "வெள்ளையம்மா, நாளைக்கி மொத பஸ்ஸுல நீ ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போற."

"இவள வுட்டுட்டு இனிமே என்னால முடியாது பாயம்மா."

"யாரு வுடச் சொன்னது? நானும் வரேன், இவளும் வரா."

"புள்ளைங்கள உள்ள வுடமாட்டாங்க."

"உள்ள எதுக்கு? வெளிய நிக்கறோம். நீ ஜன்னலாண்ட வந்து நில்லு, அவ தூரத்துல இருந்து பாத்துக்கட்டும். ஊசி முடியற வரைக்கும் மாசாமாசம் கூட்டியாரேன். தப்பு என்னுதுதான். சோறு போட்டாப் போதும்னு இருந்துட்டேன்."

வெள்ளையம்மா வெகுநேரம் மகளையே பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போயிருந்தேன். ஹமீதுன்னிசாவிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போனேன். வாய் வரவில்லை, சாமான் பையைத்தான் ஏற்றிக்கொடுத்தேன். வெள்ளையம்மா வாயைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, கடைசி சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். ஹமீதுன்னிசா புர்க்காவோடு முன் சீட்டில், பக்கத்தில் ராஜாத்தி. பஸ் புறப்பட்டது. சாலை மோசம், தூக்கித் தூக்கிப் போட்டது. ராஜாத்தி சீட்டின்மேல் முட்டி போட்டு நின்று, பின்பக்கம் திரும்பி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விழுந்துவிடாமல் ஹமீதுன்னிசா இரண்டு கையாலும் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.