எல்லாரும் சுகுமாரி

சுகுமாரி மவுஸைத் தூக்கி மேசையில் குத்திய குத்தில், உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஆளுக்காகக் காத்துக்கிடந்த பூவார் பஸ் தானாகவே ஸ்டார்ட் ஆகிவிட்டது. மாடிப்படியில் நின்றவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் சத்தியம் செய்தார்கள்.

"எனக்க கைய பின்னயும் வலத்தோட்டு திருப்பிப் போட்டிருக்கு. கரமனைக்கு என்ன விடாதேன்னு எத்தன மட்டம் சொன்னேன், விமலா?"

விமலகுமாரி குளிர் அறையிலிருந்து ஓடி வந்தாள். சுகுமாரிக்கு எல்லாம் இடது கை. மவுஸின் பொத்தான்களை இடம் மாற்றி, திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, தமிழுக்கு ஒரு விசை, மலையாளத்துக்கு ஒரு விசை என்று ஒதுக்கி வைத்து அவள் தட்ட ஆரம்பித்தால் விரல் கண்ணுக்குத் தெரியாது, காற்று மட்டும்தான் வரும். எதிரில் இருக்கும் நீது தாள்கள் பறக்காமல் இருக்கக் கல் வைத்துக்கொள்வாள். அதெல்லாம் நெய்யாற்றில் உட்கார்ந்தால்தான். கரமனையில் விழுந்தால் சுகுமாரி நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளை.

இவை ஆறுகள் அல்ல, சர்வர்கள். முதலாளி பொன்னுதாஸ் மஸ்கட்டிலிருந்து திரும்பியபோது மற்றவர்களைப் போல செண்டும் டேப் ரிக்கார்டரும் கொண்டுவரவில்லை. வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது அங்கே கழித்துப் போட்ட மூன்று சர்வர்களையும் ஒரு டஜன் டெர்மினல்களையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, தொண்ணூற்றொன்பதில் ஜங்ஷன் மாடியில் டைப்செட்டிங் சென்டர் போட்டுவிட்டார். மேசைமேல் இருப்பது திரையும் கீபோர்டும்தான். மூளை பின்னால் ஏசி போட்ட அறையில், மூன்று பெட்டிகளில். அவற்றுக்கு நெய்யாறு, கரமனை, தாமிரபரணி என்று பெயர் வைத்தவளும், அவற்றை மேய்ப்பவளும் விமலகுமாரி. பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால் எந்தப் பெட்டியில் கூட்டம் குறைவோ அதில் போய் விழ வேண்டியதுதான். வினையே அங்கேதான் இருந்தது. நெய்யாற்றிடம் சொல்லிவைத்த ஏற்பாடு கரமனைக்குத் தெரியாது. கரமனையிடம் சொன்னது தாமிரபரணிக்குத் தெரியாது. பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகளைப் போல மூன்றும் ஒரே அறையில் முகம் பார்க்காமல் உறுமிக்கொண்டிருந்தன.

போன வாரம் இது சபை வரைக்கும் போய்விட்டது. மிஷன் சபையின் நூற்றாண்டு மலர், பாதி தமிழ், பாதி மலையாளம். ஜிஜின் ஒரு தமிழ்ப் பிரசங்கத்தை அடித்துக்கொண்டிருந்தான். உச்சரிப்பை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழோ மலையாளமோ தானே விழும். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தவன் கரமனையில் விழுந்தான். கரமனைக்கோ மலையாள எழுத்துதான் முதலில் வரும். மிச்சப் பிரசங்கம், அதே தமிழ்ச் சொற்கள், மலையாள எழுத்தில் இறங்கியது. அவனுக்குத் தெரியவில்லை. சுகுமாரி சத்தமாகப் படித்துத் திருத்தினாள், அவளுக்கும் தெரியவில்லை. இந்த எல்லையில் பிறந்த கண், இரண்டு எழுத்தையும் ஒரே மடக்கில் விழுங்கிவிடும். பொன்னுதாஸ் படித்துக் கடைசிப் பத்தியில் கண்கூடக் கலங்கினார். சபைச் செக்ரட்டரி ஈசாக் சார் நாகர்கோவில்காரர், மலையாள எழுத்து தெரியாது, பாவம். பிரசங்கியார் பாதி வழியில் ஜிலேபி சுற்றப் போய்விட்டது அவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

"சனியாழ்ச்ச ஈசாக் சார் பின்னயும் வாறாரு" என்றார் பொன்னுதாஸ் விமலகுமாரியிடம். "இனி ஒருக்கா இப்படி ஆச்சுன்னா மலரு நாகர்கோவிலுக்குப் போவும். பின்ன நான் திருவனந்தபுரத்துல இருந்து ஒரு என்ஜினியரக் கொண்டு வருவேன். நீ பழைய பெஞ்சில போயிருந்து அடிக்கலாம், கேட்டியா?"

பழைய பெஞ்சு ஜன்னலோரத்தில் இருந்தது. முதுகில் வெயில், காதில் பஸ் ஹாரன். அங்கிருந்து குளிர் அறைக்கு வருவதற்குள் விமலகுமாரிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அறைச் சாவியைத் தாலியோடு சேர்த்துக் கோர்க்கவில்லை, அவ்வளவுதான். அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பாறசாலையிலிருந்து பூவார் வரை ஸ்வெட்டர் போட்ட ஒரே பெண் அவள்தான். வெளியே வந்தபோது வழி கிடைத்திருந்தது. நெய்யாற்றில் ஒரு பொதுப் பரண். அதில் பெயருக்கொரு மூட்டை, அவரவர் ஏற்பாடெல்லாம் அதற்குள். ஒருவர் எந்தப் பெட்டியில் விழுந்தாலும் அவருடைய மூட்டை பின்னாலேயே போய்ப் பிரியும். வேலை முடிந்து வெளியேறினால் மாற்றங்களோடு பரணுக்குத் திரும்பும். மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் ஒரே சமையல்.

வெள்ளிக்கிழமை காலை சுகுமாரி வந்து உட்கார்ந்தாள். கை வலது பக்கம். எழுத்து எறும்பு அளவு. திரை முழுக்க ஒரு கால்பந்துக்காரன் பல்லைக் காட்டினான். மத்தியானம் கால்பந்துக்காரன் போய் ரோஜாப்பூ வந்தது. இப்போது நெய்யாற்றிலேயே இப்படி! விமலகுமாரிக்கு முதுகில் ஜன்னலோர வெயில் சுட்டது. குளிர் அறைக்கு ஓடி, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். நெய்யாற்றில் சுகுமாரி, சுகுமாரி. கரமனையில் ஒரு படை சுகுமாரி. தாமிரபரணியில் இருந்த ஒற்றை ஆளும் சுகுமாரி.

"எலே ஜிஜின், ஒனக்குன்னு ஒரு பேரு தந்தேனே, அது எங்க?"

"உண்டு சேச்சி. அதுல போனா ஒண்ணும் இல்ல, ஒழிஞ்ச வீடு. அக்காக்க பேருல போயி நெய்யாத்துல விழுந்தா யோகமாக்கும். எல்லாம் செட்டு" என்றான், மீசை வைத்த சுகுமாரி. நீதுவும் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் அக்காதான்" என்றாள்.

இதுவரை நெய்யாறு அக்காவின் கோட்டை என்று பயந்து அங்கே யாரும் எதையும் தொடவில்லை. ஆசைகளை மற்ற இரண்டிலும் தீர்த்துக்கொண்டார்கள். இப்போது பரணில் சுகுமாரிக்கு ஒரே மூட்டை. கடைசியாக வெளியேறும் சுகுமாரி கட்டிவைப்பதுதான் எல்லாச் சுகுமாரிகளுக்கும் கதி.

ஆளுக்கொரு பெயர் என்று விமலகுமாரி அறிவித்ததும் முதலில் முகம் வாடியவள் சுகுமாரிதான். "கிடக்கட்டு விமலா. பிள்ளையளு எனக்க பேருல இருந்தா எனக்கு என்ன நஷ்டம்? ஒரு ஆபீசே எனக்க பேருல ஓடுது."

"ஓடட்டும் அக்கா. பேருதான் வேற, உள்ள எல்லாம் நீங்கதான். ஒங்க மூட்டைய பழையபடி கெட்டி, அதுல இருந்து ஆளுக்கொரு பங்கு வைக்கப் போறேன்."

"எனக்க இடத்துக் கையுமா?"

"அது ஒங்களுக்கு மட்டும்."

"அப்பம் கொள்ளாம்" என்று சம்மதித்தாள் சுகுமாரி, ராஜ்யத்தைப் பிரித்துக் கொடுக்கிற மகாராணியாக.

சனிக்கிழமை ஈசாக் சார் குடையை ஊன்றிக்கொண்டு நீதிபதி போல வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அந்தப் பிரசங்கம் எதுல வச்சு மலையாளமாச்சு?"

"கரமனையில" என்றாள் விமலகுமாரி.

"இந்தம்மாவ அங்க விடுங்க, பாப்போம்" என்று குடையால் சுகுமாரியைக் காட்டினார்.

மின்விசிறி மூச்சைப் பிடித்துக்கொண்டது. விமலகுமாரி மற்ற இரண்டு பெட்டிகளின் வாசலையும் அடைத்தாள். சுகுமாரி பெயரை அடித்தாள். மணல் கடிகாரம் திரும்பிற்று, திரும்பிற்று. அதற்குள் விமலகுமாரி மனத்தளவில் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்வெட்டரை மடித்து உள்ளே வைத்தும் விட்டாள். திரை மலர்ந்தது. யானை எழுத்து. சுகுமாரியின் இடது கை மவுஸின் மேல் இறங்கி ஒரு சொடுக்குச் சொடுக்கியது, மவுஸ் சொன்னபடி கேட்டது. அவள் பிரசங்கத்தின் மறுபாதியை அடிக்க ஆரம்பிக்க, தமிழ் திரையில் கொட்டியது. ஈசாக் சார் கண்ணாடி இல்லாமலே படித்தார். பிறகு வாசல்களைத் திறந்துவிட்டார்கள். ஜிஜின் தாமிரபரணிக்குப் போனான், கால்பந்துக்காரன் கூடவே போனான். நீது எங்கே விழுந்தாலும் ரோஜா. எல்லாரும் ஆற்றுக்கு ஆறு தாவி, தங்கள் தங்கள் திரையைக் கண்டு கூச்சல் போட்டதில் தனுவச்சபுரம் வரை காக்கைகள் எழும்பின.

"மலர் இங்கயே இருக்கட்டு" என்றார் ஈசாக் சார். "அடுத்த நூறு வருஷத்து மலரும் இங்கதான்."

"என்ஜினியரா? ஏது என்ஜினியர்?" என்று பொன்னுதாஸ், யாரும் கேட்காமலே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இவளாக்கும் எனக்க என்ஜினியர்!"

அவர் செலவில் புரோட்டா தின்ன எல்லாரும் கீழே இறங்கினார்கள். விமலகுமாரி ஒரு காலி டெர்மினலில் உட்கார்ந்தாள். எப்போதும் நிர்வாகியின் பெயரில்தான் உள்ளே போவாள். இன்று முதல் முறையாகத் தன் சொந்தப் பெயரை அடித்தாள். எல்லாருக்கும் பங்கு வைத்தவள் தனக்கு வைக்க மறந்திருந்தாள். வெறும் பச்சைத் திரை, கம்பெனியிலிருந்து வந்தபடி.

"விமலா, ஆறிப்போவுது!" கீழேயிருந்து சுகுமாரியின் குரல்.

"இன்னா வாறேன் அக்கா."

எழுந்திருக்கவில்லை. நிறங்களின் பெட்டியைத் திறந்தாள். சின்னச் சின்னக் கட்டங்களாக எத்தனையோ நிறம். அம்பு ஒரு மஞ்சளின் மேல் நின்றது, ஒரு நீலத்துக்கு நகர்ந்தது, பிறகு யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு ஊதாவின் ஓரத்தில் போய் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.