சாத்த வேண்டிய கதவு

கிளிநொச்சிப் பிரேமிளாவின் முதல் குறும்படத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு காட்சி. தகப்பனின் செத்தவீட்டுக்குக்கூட வராத மகன் பல வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கிறான். தாய் அவன் பார்த்திருக்கவே கதவைச் சாத்துகிறாள். படம் முழுவதும் அந்தக் கதவை நம்பித்தான் இருந்தது.

மகனாக நடித்த தர்ஷனுக்கு மறுநாள் கட்டாருக்கு விமானம். பொழுது சாய்வதற்குள் எடுக்காவிட்டால் இதுவரை எடுத்ததெல்லாம் வீண்.

தாயாக நடித்தவர் கனகராயன்குளத்து அழகம்மா. மிளகாய்த் தோட்டக் காட்சியில் அவர் அழுதபோது கமரா பிடித்த சுஜிதனே மூக்கை உறிஞ்சினான். அந்தத் துணிவில் பிரேமிளா அவருடைய சொந்த வீட்டையே படத்து வீடாக்கினாள். வினையை விலைக்கு வாங்குவது என்பது இதுதான்.

"அக்சன்" என்றதும் தர்ஷன் வெயிலில் வந்து நின்றான். அழகம்மா அவனைப் பார்த்தார், உள்ளே போனார், செம்பில் தண்ணீரோடு வந்து நீட்டினார்.

"குடிய்யா."

"அக்கா, கதவைச் சாத்தவேணும்!" என்று கத்தினாள் பிரேமிளா.

"சாத்துறேன், சாத்துறேன். மறந்துட்டேன்."

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் தண்ணீர். செம்பை ஒளித்து வைத்தார்கள். குடத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். பிரேமிளாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அக்கா, படமெண்டா ஒராளுக்கு ஒண்டு வேணும். அதை இன்னொராள் மறிக்கவேணும். இவனுக்கு உள்ள வரவேணும், நீங்கள் மறிக்கிறியள். மறிக்காட்டிக் கதையே இல்லை."

"வெளங்குது பிள்ள. கோவமும் வருது. அப்பன் செத்ததுக்கும் வராத பய! ஆனா வெயில்ல வந்து என் வாசல்ல நிக்கிறானே. தண்ணி குடுக்காம எப்படிச் சாத்துறது? கை வரமாட்டேங்குது."

பிரேமிளா நிமிர்ந்து பொழுதைப் பார்த்தாள். வெயில் முற்றத்தை விட்டு வேலிப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. இந்த மனுசி கோபத்தையும் விடவில்லை, தண்ணீரையும் விடவில்லை. இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? இதைப் போய் இவ்வளவு நேரமும் வெட்டி வெட்டி எறிந்தேனே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"சரி அக்கா, தண்ணி கொண்டு வாங்கோ. ஆனா அவன்ர கையில குடுக்காதேங்கோ. படியில வைச்சிட்டு, முகத்தைப் பாக்காமல் போய்ச் சாத்துங்கோ."

அழகம்மா செம்பைக் கொண்டுவந்து படியில் வைத்தார். கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

எழுதியபடி தர்ஷன் உடனே திரும்பிப் போயிருக்க வேண்டும். அவன் போகவில்லை. குந்தியிருந்து செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தான். எழுந்து, கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். தட்டாமலே திரும்பி நடந்தான்.

பிரேமிளா "கட்" சொல்லிவிட்டுச் சுஜிதனைப் பார்த்தாள். எல்லாம் கமராவில் விழுந்துவிட்டது என்று சுஜிதன் தலையாட்டினான். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்க, அவள் முற்றத்து மண்ணிலேயே தொப்பென்று இருந்து சிரித்தாள். கண்ணீரும் வந்தது. அப்பாடா, படம் பிழைத்துவிட்டது!

அழகம்மா இன்னும் வெளியே வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

"பிள்ள, குடிச்சானா?"

"ஓம் அக்கா. முழுக்கக் குடிச்சிட்டான்."

அதன் பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது.