நேர்கோட்டின் வயல்

கருகிய பயிர் நின்றபடியே இருக்க வேண்டும். அதைப் போட்டோ எடுத்தால்தான் வறட்சி நிவாரணம். வேளாண்மை அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த இந்த விதி, அங்கே நான்கு நாள் கால் கடுக்க நின்றவளுக்கு மனப்பாடம்.

மழை கைவிட்டதில் மூன்று ஏக்கர் மக்காச்சோளமும் முழங்கால் உயரத்திலேயே காய்ந்துவிட்டது. நிவாரணம் வந்தால் அடுத்த விதைப்பு. வராவிட்டால் புருஷன் கல்குவாரிக்குத்தான் போக வேண்டும். அவர் நெஞ்சு ஏற்கெனவே பழுது. அந்தத் தூசியில் ஒரு வருஷம் தாங்காது என்று டாக்டர் அவளிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

நான்காம் நாள் சாயங்காலம் ஆய்வாளர் மனம் இரங்கினார். ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டதால் ராத்திரி டவுனிலேயே தங்க வேண்டியிருந்தது; அவள் உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். "ஏங்க, நாளைக்குக் காலையில ஆய்வாளர் நம்ம வயலைப் பார்க்க வர்றாரு." அவ்வளவுதான் சொன்னாள். பயிரைத் தொடாதீங்க என்று சொல்லத் தோன்றவில்லை. செத்த பயிரை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

ஆனால் புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் நேர்கோடு. அவர் போட்ட வரிசையில் ஒரு செடி கோணலாக நின்றால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. முன்பொரு தடவை இதே அலுவலகம் அவர் வயலுக்குப் பரிசுக் கோப்பை கொடுத்திருந்தது. சாமான் துலக்குகிற அவளுக்கு யாரும் ஒரு கரண்டிகூடக் கொடுத்ததில்லை, அது வேறு கதை.

மறுநாள் ஆய்வாளரின் பைக்கிலிருந்து இறங்கியவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். மூன்று ஏக்கரும் உழுது, மட்டம் தட்டி, பளிச்சென்று கிடந்தது. ஒரு சோளத்தட்டைகூட இல்லை. வாடகை டிராக்டர் பக்கத்தில் நேர்கோடு புதுச் சட்டை போட்டு, வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"வாங்க சார். அந்தக் கண்றாவியை உங்க கண்ணுல காட்டக் கூடாதுன்னு விடியறதுக்குள்ள மடக்கி உழுதுட்டேன்."

ஆய்வாளர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "பயிர் எங்கய்யா?"

"மண்ணுக்குள்ள, சார்."

அவள் ஓடிப்போய் மண்ணைக் கையால் பறித்தாள். துண்டு துண்டாகச் சருகு வந்தது. இரண்டு கையிலும் அள்ளி நீட்டினாள். "இதோ சார், பாருங்க. எங்க பயிர்தான்."

"எனக்குத் தெரியுதும்மா. போட்டோவுல வெறும் நிலம்தானே தெரியும்? பொய் எழுதினா என் வேலை போயிடும்." நல்ல மனுஷன்தான். தலையைக் குனிந்துகொண்டே 'தரிசு' என்று எழுதினார்.

பைக் போன பிறகு அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களை யாருங்க உழச் சொன்னது?"

நேர்கோடு சட்டைப் பொத்தானைத் திருகினார். "கோப்பை கொடுத்த ஆபீசு. அவங்க வந்து அந்தக் கோலத்தைப் பார்த்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" கோணலாகக் கிடந்த ஒரு மண்கட்டியைக் காலால் நேராக்கினார். "சரி விடு. நாளைக்கே குவாரிக்குப் போறேன். மேஸ்திரி வரச் சொல்லியிருக்கான்."

திட்ட வாயெடுத்தவளுக்கு அவர் மூச்சின் இழுப்புதான் காதில் விழுந்தது. இத்தனைக்கும் மனுஷன் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க வேணாம். பொம்பளையாள் எடுப்பானான்னு அந்த மேஸ்திரியைக் கேளுங்க," என்றாள்.