தெரியவில்லை என்று ஒரு சாட்சி

என் மகள் ஷாமாவின் நிக்காஹ்வில் யார் பெண்ணைக் கொடுக்கும் வலீயாக உட்காருவது என்று என் அண்ணனும் என் புருஷனும் முட்டிக்கொண்டு நின்ற மாதம் அது. நடுவில் அரைபட்டது நான்.

விஷயம் இதுதான். என் புருஷன் ஹம்மாதிக்கு நம்பிக்கை போய்விட்டது. குடி, கெட்ட சகவாசம், யாரோ செத்த துக்கம் என்று எந்தக் காரணமும் கிடையாது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும். மத்திப் படகு ஓட்டுகிற மனுஷர். ஒரு மத்தியானம் கரைக்கு வந்தார், குளித்தார், தொழுகை விரிப்பைச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்தார்.

"என்ன, புதுசு வாங்கப் போறியா?" என்று கேட்டேன்.

"இல்ல மஹ்ஜூபா. நிக்கிறேன், குனியறேன், எதிர்ல யாரும் இருக்கற மாதிரியே தெரியல. சும்மா நடிக்க ஒரு மாதிரியா இருக்கு."

என் பயத்தைக் கோபமாக்கிக் கத்தினேன். "இருக்குன்னு நெனச்சுக்கிட்டா இருக்கு! நெனைக்கறதுக்கு உனக்கென்ன கேடு?"

"நெனைக்கலாம். நெனச்சா வந்துருமா? இந்த டீயில சக்கரை இல்ல. இருக்குன்னு நெனச்சுத்தான் தினமும் குடிக்கிறேன். இனிக்க மாட்டேங்குதே."

"அதுக்கு டாக்டரைக் கேளு, என்னைக் கேக்காத!"

வெளியில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதைச் சொல்லிவிட்டு மீன் விற்க முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் ஆளைக் காணவில்லையே என்று அண்ணன் நேரடியாகக் கேட்டபோது, பொய் சொல்லத் தெரியாத மனுஷர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

அண்ணன் தய்யிப் லேசுப்பட்டவர் இல்லை. ஊரில் நிக்காஹ் ஒப்பந்தம், சொத்துப் பிரிவினை எல்லாம் அவர் எழுதினால்தான் செல்லும். நீதிபதியே அவரை 'ஸி தய்யிப்' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். அவரும் ஹம்மாதியும் ஒரே தெருவில் ஒன்றாகச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். நோன்புக்கு முந்தின ஷஃபான் மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, டீத்தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு விஷயத்தை உடைத்தார்.

"பெருநாள் முடிஞ்ச வாரம் நிக்காஹ். வலீ நம்பிக்கையாளனா இருக்கணும். என் முன்னால, அல்லாஹ் ஒருத்தன்தாங்கற கலிமாவை மனசார ஏத்துக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு மச்சான். முடியாதுன்னா அந்த எடத்துல நான் உக்காருவேன். மாப்ள வீட்டுல உனக்கு ஒடம்பு முடியலன்னு சொல்லிக்கலாம்."

"கலிமா சொல்றேன், அது நாக்குக்குப் பழக்கம். மனசாரன்னு ஒண்ணு சேக்கறியே, அதான் வரமாட்டேங்குது."

"வரவைக்கணும்! நீயா தேர்ந்தெடுத்த வழி இது. நீயா திரும்பி வரணும்."

"நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்? ஒரு நாள் பாத்தா அது இல்ல. தேடறேன், கெடைக்கல. போன பொருளை வச்சுக்கிட்டு ஒளிக்கறேன்னு நீ என் சட்டைப் பைய சோதிக்கற."

அண்ணன் கெட்டிலை உயர்த்தி டீ ஊற்றினார். பாதி கிளாஸில் விழுந்தது, மீதி தட்டில் ஓடியது. கோபத்தில் கை ஆடுகிறது என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.

கதவோரம் நின்ற ஷாமா உள்ளே வந்தாள். "மாமா, அப்பா அந்த எடத்துல உக்காரலைன்னா நானும் உக்காரல. மாப்ள வீட்டுல யாருக்கு வேணா ஒடம்பு முடியலன்னு சொல்லிக்கங்க."

அவள் பேச்சோடு நிறுத்துகிறவள் இல்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும். மூன்று வருஷம் அந்தப் பையனுக்காகக் காத்திருந்தவள். அப்பனின் ஒரு வார்த்தையில் அந்தக் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பின்கட்டில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஹம்மாதி சுவரைப் பார்த்து நின்று, "மனசார... மனசார..." என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தைக்கு மேல் போகாமல் நின்றுவிட்டார். மகளுக்காக ஒரு பொய் சொல்லப் பார்க்கிறார், அதுவும் வரவில்லை. மாவுக்கையோடு உட்கார்ந்து அழுதேன். இந்த மனுஷரைப் போய்த் திமிர் பிடித்தவர் என்று நினைத்தேனே என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஷஃபான் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் வந்தது. பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு. தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். வழக்கம்போல ஊரே பேரீச்சம்பழமும் டீயுமாகக் கலங்கரை விளக்க மேட்டில் ஏறியது. ஊருக்காகப் பிறை பார்த்து நீதிபதிக்குப் போனில் சாட்சி சொல்கிறவர் அண்ணன்தான். ஆனால் வருஷா வருஷம் பிறையை முதலில் பிடிப்பது ஹம்மாதியின் கண். நடுக்கடலில் பறவைக் கூட்டத்தை வைத்து மீன் இருக்கும் இடம் சொல்கிற கண் அது. அண்ணனின் தோளைப் பிடித்துத் திருப்பி, "என் விரலுக்கு மேல பாரு மச்சான்" என்பார். அண்ணன் "பாத்தேன்" என்பார். பிறகு எல்லோரும் பார்ப்போம்.

இந்த வருஷம் அண்ணன் அவரை வரவேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! "கெட்டில் தூக்க எனக்கு ஆள் வேணும், நட" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

சூரியன் கடலுக்குள் இறங்கியது. அடிவானத்தில் லேசாக மூட்டம். திடீரென்று பள்ளிக்கூட வாத்தியார் ரபீஃ, கல்யாணமாகாத துடுக்குப் பையன், "அதோ! அதோ!" என்று குதித்தான். சிவந்த வானத்தில் தங்க நிறத்தில் மெல்லிசாக வளைந்த ஒரு கோடு. "ஆமா, ஆமா!" என்றார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். நானும் போட்டேன். எனக்கும் அது பிறையாகத்தான் தெரிந்தது.

"பாத்தேன்," என்றார் அண்ணன். போனை எடுத்தார்.

ஹம்மாதி கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போனார். "மச்சான், போன் பண்ணாத. அது ப்ளேன் விட்ட புகை."

அண்ணன் குரலைத் தாழ்த்திச் சீறினார். "உனக்கு இதுல என்ன வேல? உன் சாட்சி செல்லாது. ஏன் செல்லாதுன்னு எல்லார் முன்னாலயும் சொல்லவா?"

அண்ணன் வாயைத் திறந்தால் படகு போச்சு, கல்யாணம் போச்சு. ஹம்மாதி அசையவில்லை. "சொல்லணும்னா சொல்லு. ஆனா அது புகைதான்."

அதற்குள் அந்தக் கோடு நீண்டு, நடுவில் பிய்ந்து, பஞ்சாகக் கலைந்துபோனது. "ரபீஃ, கண்ணாடி போடுடா! இல்ல, சீக்கிரம் கல்யாணம் பண்ணு!" என்று மீன்காரி இஜ்ஜா கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் வானத்தையே பார்த்துக்கொண்டு, "என்ன சிரிப்பு? அதான் நல்லாத் தெரியுதே!" என்றார்.

பக்கத்தில் நின்றவர்களின் சிரிப்பு அப்படியே நின்றது. அங்கே எதுவும் இல்லை. எனக்குத் தட்டில் ஓடிய டீ ஞாபகம் வந்தது.

"அண்ணா," என்றேன் மெதுவாக. "எந்தப் பக்கம் தெரியுது?"

அவர் கை நீட்டிய பக்கம் வெறும் மூட்டம். நீட்டிய கையை அவராகவே இறக்கிக்கொண்டார். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ரெண்டு வருஷமா எனக்குக் கடலும் வானமும் ஒரே கறையா இருக்கு மஹ்ஜூபா," என்றார்.

"அப்ப போன வருஷம் பாத்தேன்னு சொன்னது?" என்று கேட்டேன்.

"மச்சான் விரலை நம்பித்தான். தெரியணும்னு ஆசப்பட்டேன். எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கறாங்க. தெரியலன்னு எப்படிச் சொல்றது?"

அண்ணன் மேல் அத்தனை கோபத்தோடு ஏறி வந்தவள், அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் அவருக்காகத் துடித்துப்போனேன். ஹம்மாதி எதுவும் குத்திப் பேசவில்லை. நானாக இருந்தால் பேசியிருப்பேன்.

"தேடிப் பாரு மச்சான்," என்றார் அண்ணன்.

ஹம்மாதி பார்த்தார். சூரியன் இறங்கிய இடத்திலிருந்து மேலே, இரண்டு பக்கமும், சிவப்பு சாம்பலாகிற வரைக்கும் கண் இமைக்காமல் பார்த்தார். கடைசியில் தலையை ஆட்டினார். "தெரியல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். தெரிஞ்சா சொல்லமாட்டேனா? தெரியணும்னுதான் எனக்கும் ஆசை."

அண்ணன் அவர் முகத்துக்கு நேரே திரும்பினார். எவ்வளவு தெரிந்ததோ, வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது போன் அடித்தது. நீதிபதியின் ஆபீஸிலிருந்து. ஊர் முழுக்கக் காது கொடுத்தது.

"இல்லங்க," என்றார் அண்ணன். "தெரியல. எங்க ஊர்லயே நல்ல கண்ணு உள்ளவர் பாத்தார். நான் அவர் சொல்றத ஏத்துக்கறேன். தெரியல." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். "ஏறிப் பாத்தீங்களே, அல்லாஹ் கூலி தரட்டும்கறாங்க. தெரியலன்னு சொன்னதுக்கு யாரும் கோச்சுக்கல மச்சான்."

"எதுக்குக் கோச்சுக்கணும்?" என்றார் ஹம்மாதி. "தெரியலன்னா மாசத்தை முப்பது நாளா நெறைச்சுக்கங்கன்னுதானே சட்டம். யாரும் பாக்கலன்னாலும் ரமலான் வரத்தான் போகுது."

"சட்டத்தை எனக்கே சொல்லித் தரியா?" என்றார் அண்ணன். ஆனால் அதில் பழைய சீற்றம் இல்லை, தெருச்சண்டைக் காலத்துக் குரல்தான் இருந்தது.

மேட்டிலேயே அந்திநேர மஃரிப் தொழுதோம். ஹம்மாதி எல்லோருடைய செருப்புகளுக்கும் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி நின்றார். வேறு நாளாக இருந்தால் அண்ணன் முறைத்திருப்பார். அன்றைக்கு முறைக்கவில்லை.

இறங்கும்போது கூட்டம் முன்னால் போய்விட்டது. நாங்கள் மூன்று பேர் மட்டும் பின்தங்கினோம். அண்ணன் தடுமாற, ஹம்மாதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெருநாள் பிறைக்கும் நீ வரணும்," என்றார் அண்ணன்.

"அன்னைக்கும் தெரியலன்னா?"

"தெரியலன்னு சொல்லு. ஏறி வா, அது போதும். நானும் கண் டாக்டர்கிட்டப் போறேன். தெரியறது என் கையில இல்ல, போறது என் கையில இருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஷாமா நிக்காஹ்ல என்ன பண்ணப் போற, அதச் சொல்லு."

"வலீ எடத்துல இவன்தான். உன் பொண்ணைக் கொடுக்கறியான்னு கேப்பேன். வேற எதையும் கேக்க மாட்டேன்."

"அதுக்கு மனசார பதில் சொல்லுவேன்," என்றார் ஹம்மாதி.

சுவரைப் பார்த்து நின்றும் வராத அந்த வார்த்தை எப்படித் தங்குதடை இல்லாமல் வந்தது! முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சரிவு செங்குத்தாகிற இடத்தில் ஹம்மாதி நின்றார்.

"மச்சான், முன்னால பெரிய கல்லு. காலைத் தூக்கி வை."

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"இருக்கு. நம்பு."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் தோளை இறுகப் பிடித்து, காலைத் தூக்கி வைத்தார்.