எதிரணிக்கு நான் அளித்த பயிற்சி

எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்குக் கெளுத்திகள் என்று பெயர். அடிமட்டப் பிரிவில் ஆடுகிற அணி. கெட்டிக்காரப் பையன்கள் ஒரு கோடை இங்கே ஆடிவிட்டு மேல் பிரிவுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் டயர் கடையில் வேலைக்குச் சேருவார்கள்.

நான் வெர்லின். வீடுகளின் நிலவறையில் இறங்கிச் சூடேற்றும் உலைகளைப் பழுதுபார்ப்பவன். இரைச்சலை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. பன்னிரண்டு வருடமாக அதை மூன்றாவது வரிசையிலிருந்து எதிரணிப் பந்துவீச்சாளர்கள்மீது செலவழித்து வருகிறேன். பள்ளி அணியில் நான் வீசியது மொத்தம் ஆறு பந்து. அதில் ஒன்று நடுவரின் முழங்காலைப் பதம்பார்த்தது.

அந்த ஞாயிறு மதியம் எதிரணிக்கு வீசியவன் ஒரு நெட்டையன். மூன்றாவது இன்னிங்ஸுக்குள் எங்களுக்கு மூன்று ஓட்டம் கொடுத்துவிட்டான்.

“ஏலே ஒட்டகச்சிவிங்கி, பந்தைப் போடுறியா, தானம் பண்றியா?” என்றேன். என் வரிசை முழுக்கச் சிரித்தது.

“வெர்லின், பக்கத்துல ஆளு இருக்காங்க,” என்றாள் என் மனைவி டார்லா.

பக்கத்தில் ஓர் அம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். “பரவாயில்லைங்க. அவன் என் பையன்தான்,” என்றார்.

பெயர் நடீன். மகன் ஆடுவதைப் பார்க்க எட்டு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார். வாயில் வைத்த ஹாட் டாகை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“மன்னிச்சுக்குங்க. தெரியாமப் பேசிட்டேன்.”

“மன்னிப்பெல்லாம் எதுக்கு? குரல் நல்லாயிருக்கு. பந்தை விடுறதுக்கு முன்னாடியே அவனுக்கு இடது தோள் கதவு மாதிரி திறந்துக்குது, மூடி வைக்கணும். பத்து வயசுலேருந்து சொல்றேன், கேக்கமாட்டேங்குறான். நீங்க சொல்லிப் பாருங்களேன்.”

பாவத்துக்குப் பரிகாரம் கிடைத்த மகிழ்ச்சியில் எழுந்து நின்றேன். “தோளை மூடு தம்பி, தோளை மூடு,” என்று ஒவ்வொரு பந்துக்கும் கத்தினேன். நாலாவது இன்னிங்ஸில் அவன் தோள் மூடியது. எங்கள் ஆட்கள் வரிசையாக வந்து காற்றை அடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

பின்வரிசையிலிருந்து என் மைத்துனன் கேட்டான்: “மாமா, அவனுங்க உனக்குச் சம்பளம் ஏதாவது தர்றானுங்களா?”

நான்கிற்கு மூன்று என்று தோற்றோம். எங்கள் ஊர்க்காரர்கள் என்னை முறைத்தபடி இறங்கிப் போனார்கள். எனக்கோ உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. வேலியோரம் அம்மாவைக் கட்டிக்கொண்ட அந்தப் பையன் கோரியிடம், “தோள் பத்திச் சொன்னது நான்தான்,” என்றேன்.

அவன் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான். “அப்படியா சார்? ஏதோ சத்தம் கேட்டுச்சு. பாப்கார்ன் மிஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். தோளைப் பத்தி எங்க கோச் உள்ள கூப்பிட்டுத் திட்டினாரு.”

டார்லா திரும்பி நின்றுகொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

நடீன்தான் எங்களையும் சாப்பிட அழைத்தார். ஊர்க்கோடி உணவகத்தில் கோரி இரண்டு தட்டு இறைச்சி வறுவலைக் காலி செய்தான். கட்டிப்போன தொண்டையோடு, கெச்சப் புட்டியைக் கையில் பிடித்து, தோளை எப்படி மூடவேண்டும் என்று அவனுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.